வாசகர் எண் 3127

பிலவேந்திரன் தன் மூன்றாவது நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு. நிராகரிப்பு வந்தது ஒன்பது முப்பத்தொன்றுக்கு. இடைப்பட்ட பதினோரு நிமிடத்தில் அவருடைய 312 பக்கங்களை ஐயாயிரம் பேர் படிக்கத் தொடங்கி, அவர்களில் 4,999 பேர் அறுபதாம் பக்கத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள்.

முன்பெல்லாம் இப்படியில்லை. பதினான்கு வருடங்களுக்கு முன் முதல் நாவலைத் தாளில் அச்சிட்டு, பைண்டிங் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினார். எட்டு மாதம் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த எட்டு மாதமும் அவர் நன்றாகத்தான் இருந்தார். சென்னையில் யாரோ ஒருவர் இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போவார். வரிசையில் நிற்பவர்களிடம் அன்று கொஞ்சம் கனிவாக இருப்பார். எட்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் இரண்டே வரி இருந்தது. ஆனாலும் எட்டு மாதம் கிடைத்தது. இப்போது பதினோரு நிமிடம்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று சொல்லி ஜன்னல் வழியாகக் கொடுக்கும் வேலை. பத்தொன்பது வருடமாக அதே ஜன்னல். நாவலும் அதைப் பற்றியதுதான். தலைப்பு ‘ஏழாம் எண் கவுண்டர்’.

வழக்கமாக நிராகரிப்புடன் வரும் அறிக்கையை அவர் முழுதாகப் படிப்பதில்லை. அதில் ஒரு வரைபடம் இருக்கும். இடது பக்கம் உயரமாகத் தொடங்கி, மலையிலிருந்து விழுந்தவன் போல வலது பக்கம் தரைக்கு வந்துவிடும். எத்தனையாவது பக்கத்தில் எத்தனை பேர் கழன்றுகொண்டார்கள் என்ற கணக்கு. அன்று ஏனோ கீழே வரை பார்த்தார். கடைசி வரி இப்படி இருந்தது:

‘வாசகர் எண் 3127: முழுமையாக வாசித்தார். மீண்டும் வாசித்தார். மீண்டும் வாசித்தார்.’

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். பெயர் யசோதரா, அங்கே பதிப்பாசிரியர் என்றார். பதிப்பகத்திலிருந்து ஒரு மனிதக் குரல் பிலவேந்திரனை அழைத்தது அதுவே முதல் முறை.

“சார், நிராகரிப்புக் கடிதத்தை மறந்துடுங்க. அது தானா போறது. உங்க நாவல் கமிட்டிக்குப் போகுது.”

“4,999 பேரு பாதியில விட்டுட்டாங்கன்னு வந்துச்சே மேடம்.”

“ஒருத்தர் மூணு தடவை படிச்சிருக்காங்க இல்லையா? அப்படி ஒருத்தர் இருந்தாலே, மனுஷங்க மூணு பேர் உக்காந்து படிச்சுப் பாக்கணும்னு ஒரு விதி வெச்சிருக்கோம். வருஷத்துக்கு ரெண்டு நாவல் அப்படி வந்தா பெரிசு. அடுத்த மாசம் பதினாலாம் தேதி கூடுறோம்.”

பிலவேந்திரன் டிபன் பாக்ஸை மூடினார்.

“அந்த வாசகர்கள் யாரு மேடம்? நெஜமான ஆளுங்களா?”

“நெஜமான ஆளுங்களோட நிழல்னு வெச்சுக்குங்க. நாங்களும் நிழல் வாசகர்னுதான் சொல்றோம். எட்டு வருஷம் முன்னாடி ஐயாயிரம் பேருக்கு ஒரு கருவியில புத்தகம் போட்டுக் குடுத்தாங்க. கையில ஒரு பட்டை கட்டிவிட்டாங்க. எந்த வரியில கண்ணு நிக்குது, எங்க நெஞ்சு படபடக்குது, எங்க கொட்டாவி வருது, எல்லாம் பதிவாச்சு. நாலு மாசம். அதை வெச்சு கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒரு நிழல் செஞ்சாங்க. அந்த ஆளு இந்தப் பக்கத்தைப் படிச்சா என்ன செய்வாரோ, அதை அந்த நிழல் செய்யும்.”

“அப்ப எட்டு வருஷமா அவங்கதான் படிக்கிறாங்களா?”

“தினம் முந்நூறு, நானூறு கைப்பிரதி வருது சார். நாங்க எத்தனை பேர் இருக்கோம்? அஞ்சு பேர்.”

3127 யார் என்று கேட்டார். சொல்ல அனுமதி இல்லை என்றார் யசோதரா. ஆனால் எழுத்தாளர் விரும்பினால் பதிப்பகம் மூலமாக ஒரு நன்றிக் கடிதம் அனுப்பலாம். அவர்களுக்கு இஷ்டமிருந்தால் பதில் போடுவார்கள்.

அன்று மாலையே கடிதம் எழுதினார். நான்கு முறை அடித்துத் திருத்தினார். இருபது வருட எழுத்தில் தனக்கு ஒரு வாசகர் கிடைத்திருக்கிறார் என்பதைப் பல்லிளிக்காமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மனைவி ஜெசிந்தா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, “நன்றின்னு ஒரு வார்த்தை போதாதா?” என்றார். போதாது என்று பிலவேந்திரனுக்குத் தோன்றியது.

பத்து நாளில் பதில் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில்.

‘ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் யார் என்று தெரியவில்லை. உங்கள் நாவலை நான் படிக்கவில்லை. நான் புத்தகம் படித்தே எட்டு வருஷம் ஆகிறது. ஆள் மாற்றி அனுப்பிவிட்டீர்கள் போல. இப்படிக்கு, த. வெயிலுகந்தாள், விருதுநகர்.’ கீழே கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து விருதுநகரில் இறங்கினார். முன்பே போன் செய்து வருவதாகச் சொல்லியிருந்தார். கல்லூரிக்குப் போகும் சாலையில் ஜெராக்ஸ் கடை. நோட்டுப் புத்தகம், பேனா, கிராஃப் தாள், பசை. கடைக்குள் ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெராக்ஸ் மிஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தார்.

“திண்டுக்கல் சாரா? வாங்க, உக்காருங்க. இந்தா வாரேன்.”

பக்கத்துக் கடைப் பையனை டீ வாங்கி வரச் சொல்லி, அவரும் எதிரே உட்கார்ந்தார். பிலவேந்திரன் யசோதரா சொன்னதையெல்லாம் தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார். ஒருவர் வந்து ஆதார் கார்டை இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு போனார். அவர் போனதும், “மேல சொல்லுங்க,” என்றார் வெயிலுகந்தாள்.

சொல்லி முடித்ததும் கேட்டார். “கையில பட்டை கட்டிவிட்டாகன்னு சொன்னீகள்ல, அது நெனவிருக்கு. மதுரையில ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு பொண்ணு வந்துச்சு. ‘சும்மா உக்காந்திருக்கீகளேம்மா, புத்தகம் படிக்கிறீகளா, இலவசம்’னு கேட்டுச்சு. எங்கயோ கையெழுத்தும் வாங்குச்சு. நான் இருந்த நெலமையில எதையும் வாசிச்சுப் பாக்கல.”

“உடம்புக்கு முடியாம இருந்தீங்களாம்மா?”

“நான் இல்ல. அவுக. எங்க வீட்டுக்காரக.”

கணவர் பெயர் தனுஷ்கோடி. கடை அவர் போட்டதுதான். ஒரு நாள் கடையைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. நினைவு திரும்பவில்லை. நாலு மாதம் மதுரையில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தார். மகள் பிரசவத்துக்கு இருந்த நேரம்; கூட இருக்க வேறு ஆள் இல்லை.

“பகலெல்லாம் அந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்திருப்பேன். டாக்டரக் கேட்டா, ‘பாப்போம்மா’ம்பாரு. நர்ஸ் பிள்ளைகளக் கேட்டா, டாக்டரக் கேளுங்கம்பாக. யாரும் ஒரு பதில் சொல்ல மாட்டாக. அப்பத்தான் இந்தப் புத்தகம் வந்துச்சு. நான் பெரிய படிப்பாளி எல்லாம் இல்ல தம்பி. எதுலயாவது ஒரு சீக்காளி வந்தா மட்டும் விடமாட்டேன். அந்த ஆளு பொழைச்சாரா இல்லையான்னு பாக்கணும். சீக்காளி வராத புத்தகம்னா ரெண்டு பக்கத்துல வெச்சிருவேன்.”

பிலவேந்திரன் டீயைக் கீழே வைத்தார்.

“சில புத்தகத்துல சொல்ல மாட்டாக. என்ன ஆச்சுன்னு சொல்லாமயே முடிச்சிருவாக. ஏதோ ஒரு பக்கத்த விட்டுட்டேன் போலன்னு நெனச்சு மறுபடி மொதல்ல இருந்து படிப்பேன். கிறுக்குத்தனம்தான். ஆனா அப்ப அப்படித்தான் இருந்துச்சு.” சேலைத் தலைப்பால் கையில் ஒட்டியிருந்த மைத்தூளைத் துடைத்துக்கொண்டார். “உங்க கதையில சீக்காளி இருக்காரா?”

இருந்தார். நாவலில் மாதம் ஒரு முறை நுரையீரல் நோய்க்கு மாத்திரை வாங்க வரும் ஒரு லாரி டிரைவர் உண்டு. கவுண்டரில் இருப்பவனுக்கும் அவனுக்கும் மெல்ல ஒரு நட்பு உண்டாகிறது. கடைசி அத்தியாயத்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை வருகிறது. வரிசை நகர்கிறது. கவுண்டர்காரன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். அவ்வளவுதான். அந்த முடிவைப் பற்றிப் பிலவேந்திரனுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

“அவருக்குச் சொகமாச்சா?”

“அது... சொல்லலம்மா. படிக்கிறவங்க முடிவுக்கு விட்டுட்டேன்.”

வெயிலுகந்தாள் அவரையே பார்த்தார். கோபம் இல்லை. கடையில் சில்லறை இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

“அதான் என் நெழலு மூணு தடவ படிச்சிருக்கா,” என்றார். “தேடியிருக்கா.”

சாலையில் ஒரு தண்ணீர் லாரி சிந்திக்கொண்டே போனது.

“ஒண்ணு கேக்கேன் தம்பி. அந்தப் பட்டை கட்டியிருந்தது எங்க வீட்டுக்காரக இருந்தப்ப. அவுக போனதும் கழட்டிட்டாக. அப்ப அவளுக்கு அவுக போனது தெரியாதுல்ல?”

“அம்மா, அது ஆள் இல்ல. கம்ப்யூட்டர் கணக்குதான். அதுக்கு மனசெல்லாம் கிடையாது.”

“பயமே இல்லாதவ எதுக்கு மூணு தடவ படிக்கணும்?”

பிலவேந்திரன் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்து முடித்தார்.

“எட்டு வருஷமா அங்கயே உக்காந்திருக்கா,” என்றார் வெயிலுகந்தாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. “நான் எந்திரிச்சு வந்துட்டேன். கடையப் பாத்தேன். பேத்திக்கு மொட்டை போட்டேன். அவள மட்டும் அங்க விட்டுட்டு வந்துட்டேன்.” பிறகு நிமிர்ந்து, “அவள எடுத்துரச் சொல்லி எழுதிக் குடுக்கலாமா?” என்று கேட்டார்.

எழுதிக் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் அந்த உரிமை உண்டு என்று பிலவேந்திரன் அறிக்கையோடு வந்த விதிமுறைகளில் படித்திருந்தார். விண்ணப்பம் வந்த மூன்று வேலை நாட்களில் அந்த நிழல் வாசகரை நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு நிலுவையில் உள்ள கைப்பிரதிகளின் முடிவுகளை அவரை விட்டுவிட்டு மறுபடி கணக்கிடுவார்கள். அதையும் படித்திருந்தார். முதல் பாதியை மட்டும் சொன்னார்.

“நீங்க எழுத்தாளராச்சே. நீங்களே எழுதி அனுப்பிருங்க. எனக்கு இதெல்லாம் கோர்வையா எழுத வராது.” வெயிலுகந்தாள் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மேலே முழுத் தாளும் காலியாக இருந்தது. “சீக்கிரம் அனுப்பிருங்க தம்பி.”

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் நடந்ததைச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு கணக்கு டீச்சர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“கமிட்டி என்னைக்கு?”

“பதினாலு.”

“இன்னைக்கு?”

“இருபத்தியெட்டு.”

“பதினஞ்சாம் தேதி அனுப்புங்க. எட்டு வருஷம் இருந்திருக்கு. இன்னும் பதினேழு நாள்ல யாருக்கு என்ன ஆகிடப் போகுது?”

“அவங்க சீக்கிரம் அனுப்பச் சொன்னாங்க ஜெசி.”

“பதினேழு நாளும் சீக்கிரம்தான். இருபது வருஷமா உங்களப் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரைபடத்தைப் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிட மாட்டீங்க. ஒரே ஒரு தடவை மனுஷங்க படிக்கட்டுமே.”

அதில் நியாயம் இருந்தது. பிலவேந்திரன் கையெழுத்துப் போட்ட தாளை ஒரு பழைய டைரிக்குள் வைத்து, டைரியை அலுவலகப் பைக்குள் வைத்தார். முதல் நான்கு நாட்கள் நினைவே வரவில்லை. ஐந்தாம் நாள், தினம் முந்நூறு நானூறு என்று யசோதரா சொன்னது நினைவுக்கு வந்தது. நாள் ஒன்றுக்கு முந்நூறு என்றால் பதினேழு நாளைக்கு ஐயாயிரத்துச் சொச்சம். அவற்றில் எத்தனையில் நோயாளி இருப்பான்? எழுதுகிறவர்களுக்கு நோயாளி பிடிக்கும். அவர்களில் எத்தனை பேர் முடிவைச் சொல்லாமல் விடுவார்கள்? அதுவும் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். அது வெறும் கணக்கு, அதற்கு மனசு கிடையாது என்று தான் சொன்னதைத் தனக்கும் ஒரு முறை சொல்லிக்கொண்டார். விருதுநகரில் சொன்னபோது இருந்த உறுதி இப்போது இல்லை.

எட்டாம் தேதி காலை வரிசை நீளமாக இருந்தது. ஒரு பெண் சீட்டை நீட்டினாள். கணவனுக்கு. நெஞ்சுச் சளி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக், காய்ச்சல் மாத்திரை. கவரை வாங்கிக்கொண்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“இதுல சரியாப் போயிருமா சார்?”

தினம் பத்துப் பேராவது கேட்கிற கேள்வி. பத்தொன்பது வருடமாக அவர் சொன்ன பதில் ‘டாக்டரக் கேளுங்கம்மா’ என்பதுதான். விதிப்படியும் அதுதான் சரி. வாய் அதைச் சொல்லத் திறந்தது. சொல்லவில்லை. சீட்டை இன்னொரு முறை வாங்கி, எக்ஸ்ரே பார்த்து டாக்டர் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

“அஞ்சு நாள் விடாமக் குடுங்க. இதுக்குச் சரியாப் போயிரும். அஞ்சாம் நாளும் காய்ச்சல் இருந்தா மட்டும் கூட்டிட்டு வாங்க.”

“சரி சார்,” என்று அந்தப் பெண் உடனே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பதில் போதுமாக இருந்தது. பதில் கிடைத்தவள் இடத்தைக் காலி செய்துவிட்டாள்.

மதியம் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து, டைரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று ஆரம்பித்த வரியை அடித்தார். பிறகு வெயிலுகந்தாள் அன்று கடையில் சொன்னதையெல்லாம், நாளும் நேரமும் உட்பட, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினார். கையெழுத்துக்கு மேலே இடம் போதாமல் முன்னால் இன்னொரு தாளும் சேர்க்க வேண்டியிருந்தது. அடித்தல் திருத்தல் அதிகம் இல்லை. நாவலில் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர், அந்த இரண்டு பக்கத்தையும் முக்கால் மணி நேரத்தில் முடித்தார். கடைசிப் பத்தி இது:

‘என் கணவர் தனுஷ்கோடி அந்த வருஷம் பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு இறந்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கஷ்டப்படவில்லை. இது எனக்குத் தெரியும். உங்களிடம் இருக்கும் 3127க்குத் தெரியாது. அவளிடம் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அவளை எழுந்து போக விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

ஸ்கேன் செய்து பதிப்பக முகவரிக்கு அனுப்பினார். அனுப்பியபின் ஜெசிந்தாவுக்குப் போன் செய்து சொன்னார். மறுமுனையில் பள்ளிக்கூடச் சத்தம் கேட்டது. “சரி, விடுங்க. வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க,” என்றார் ஜெசிந்தா.

நான்காம் நாள் யசோதரா அழைத்தார்.

“சார், 3127ஐ நேத்து நீக்கிட்டோம். உங்க நாவலோட கணக்கை மறுபடி போட்டாச்சு. முழுசாப் படிச்சவங்க இப்ப யாரும் இல்ல. பதினாலாம் தேதிப் பட்டியல்ல உங்க நாவல் வராது. மன்னிச்சுக்குங்க.”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?”

“ஆமா.”

யசோதரா தொண்டையைச் செருமினார். “நான் கூப்பிட்டது அதுக்கில்ல. அந்த விண்ணப்பத்தை எழுதினது நீங்கதானே?”

“அவங்க சொன்னதை எழுதினேன். கையெழுத்து அவங்களுதுதான்.”

“எங்க முகவரிக்கு எது வந்தாலும் முதல்ல நிழல் வாசகர்களுக்குத்தான் போகும். தானா போயிடும், நாங்க பிரிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடியே. கைப்பிரதியா, கரண்ட் பில்லான்னு அதுக்குத் தெரியாது. உங்க விண்ணப்பமும் போயிருக்கு. 4,700 பேர் கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்க சார். பாதிப் பேர் ரெண்டாவது தடவை படிச்சிருக்காங்க. இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒரு அறிக்கை பாத்ததில்ல. வரைபடம் கீழ இறங்கவே இல்ல. நேரா ஒரு கோடு.”

பிலவேந்திரன் மனதில் வேறு ஒன்று ஓடியது.

“அது வந்தப்ப 3127 இருந்தாங்களா?”

“இருங்க, பாக்கறேன்.” விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. “இருந்திருக்காங்க. நீக்குறதுக்கு மூணு நாள் முன்னாடி.”

“படிச்சாங்களா?”

“படிச்சாங்க. முழுசா.”

“திருப்பி?”

“இல்ல சார். ஒரு தடவைதான்.” பிறகு, “ஒண்ணு விநோதமா இருக்கு. அதுக்கப்புறம் மூணு நாள்ல வந்த எதையும் அவங்க ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்கல. ஏதாவது கோளாறா இருக்கும்,” என்றார்.

பிலவேந்திரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். யசோதரா பேசிக்கொண்டே போனார். இந்த இரண்டு பக்கத்தை இருநூறு பக்கமாக எழுதித் தர வேண்டும். கமிட்டியெல்லாம் தேவையில்லை. அடுத்த புத்தகக் கண்காட்சிக்கே கொண்டுவந்துவிடலாம். ஒப்பந்தத்தை நாளையே அனுப்புகிறார்.

“அது அவங்க வாழ்க்கை மேடம். கேட்டுட்டுச் சொல்றேன்.”

அன்று மாலை விருதுநகருக்குப் போன் செய்தார். 3127ஐ நீக்கிவிட்டார்கள் என்றார். கடைசியாக அந்த நிழல் வாசகர் விண்ணப்பத்தைப் படித்ததையும், ஒரே ஒரு முறை படித்ததையும், அதற்குப் பிறகு எதிலும் மனம் செல்லாததையும் சொன்னார்.

“அப்ப தெரிஞ்சிருச்சு அவளுக்கு,” என்றார் வெயிலுகந்தாள்.

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஏதோ கோளாறுங்கறாங்க.”

“தெரிஞ்சிருச்சு தம்பி. எனக்கும் அப்படித்தான் ஆச்சு.”

கொஞ்சம் பொறுத்து, புத்தக விஷயத்தைச் சொன்னார். பதிப்பகம் கேட்பதையும், இத்தனை வருடம் தான் காத்திருந்ததையும் சொன்னார். இந்த முறை எதையும் பாதியில் நிறுத்தவில்லை. பதினாலாம் தேதிக் கமிட்டி விஷயத்தையும், அதற்காகப் பத்து நாள் அந்தத் தாளைப் பைக்குள் வைத்திருந்ததையும்கூடச் சொல்லிவிட்டார்.

மறுமுனையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடி நின்றது.

“பத்து நாள் வெச்சிருந்தீகளாக்கும்.”

“ஆமாம்மா.”

“பெறகு அனுப்பிட்டீக.”

“அனுப்பிட்டேன்.”

“சரி, போகுது. ஆனா புத்தகம் வேண்டாம் தம்பி. ரெண்டு பக்கத்துல முடிஞ்சு போச்சுல்ல. அப்பறம் எதுக்கு இருநூறு பக்கம்? மறுபடி நாலு மாசம் அவரக் கட்டில்ல போடணும், மறுபடி அவள உக்கார வெக்கணும்.”

“சரிம்மா.”

“வருத்தப்படுதீகளா?”

“கொஞ்சம்.”

“அது இருக்கத்தான் செய்யும்,” என்றார் வெயிலுகந்தாள்.

யசோதராவிடம் மறுநாள் சொன்னார். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று அவர் கேட்டார். அந்த அம்மாவுக்குத் தெரியும் என்றார் பிலவேந்திரன். யசோதரா வற்புறுத்தவில்லை. அடுத்த நாவல் எழுதினால் நேராகத் தனக்கே அனுப்பும்படி தன் சொந்த முகவரியைக் கொடுத்தார். நேரம் கிடைத்தால் தானே படித்துப் பார்ப்பதாகவும், எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாதங்கள் ஆனால் பரவாயில்லை என்றார் பிலவேந்திரன்.

மூன்று வாரம் கழித்து வெயிலுகந்தாளே போன் செய்தார். அவள் மூன்று தடவை படித்த அந்த நாவலைத்தான் அனுப்பிப் பாருங்களேன் என்றார். எட்டு வருடமாகிவிட்டது, படிக்க வருகிறதா என்று பார்க்கிறேன் என்றார். பிலவேந்திரன் 312 பக்கத்தையும் அச்சிட்டு, பைண்டிங் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

அனுப்பியதும் பழைய வியாதி திரும்ப வந்துவிட்டது. இப்போது எத்தனையாவது பக்கத்தில் இருப்பார் என்று காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் யோசித்தார். தானாகப் போன் செய்வதில்லை என்று உறுதியாக இருந்தார். ஒரு மாதமானது. இன்னொரு மாதமும் பாதி போனது. ஒரு சனிக்கிழமை அழைப்பு வந்தது.

“தம்பி, உங்க புத்தகத்த ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சு. அந்த டிரைவர் மொதல் தடவ வந்து மாத்திரை வாங்கி அங்கயே தண்ணியில்லாம முழுங்குவாருல்ல, அதுவரைக்கும் வந்தேன்.”

“அப்புறம்?”

“காலேஜ் பிள்ளைக பத்துப் பேரு ரெக்கார்டு நோட்டு வாங்க வந்துட்டாக. ஒரே கூட்டம். மூடி வெச்சேன். அதுக்கப்பறம் எடுக்கவே தோணல.” அவர் குரலில் தயக்கம் இருந்தது. “தப்பா நெனச்சுக்கிடாதீக.”

“அந்த டிரைவருக்கு என்ன ஆச்சுன்னு பாக்கணும்னு தோணலையாம்மா?”

வெயிலுகந்தாள் யோசித்தார். உண்மையாகவே யோசித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“தோணல தம்பி,” என்றார். அதைச் சொன்னபோது அவருக்கே அது ஆச்சரியமாக இருந்ததுபோலக் கேட்டது.

“சந்தோஷம்மா,” என்றார் பிலவேந்திரன்.

போனை வைத்ததும், சமையலறையிலிருந்து வந்த ஜெசிந்தா என்ன சொன்னார்கள் என்று கேட்டார். பாதியில் வைத்துவிட்டார்களாம் என்றார் பிலவேந்திரன். ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவையும் ரெண்டு நாள் சாப்பிட மாட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். பிலவேந்திரன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.